அத்திப்பழ அடையும் மூன்று மாத்திரைகளும்

திருநெல்வேலிச் சகோதரியின் பகிர்வு

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சாட்சி சொல்லச் சபையில் பலமுறை எழுந்து நின்றிருக்கிறேன். ஒரு பகுதியை மட்டும் எப்போதும் விட்டுவிடுவேன். இன்று அதையும் சேர்த்தே எழுதுகிறேன், படிக்கிறவர்களில் ஒருவராவது மாத்திரையை ஒளித்து வைத்திருக்கலாம் என்பதால்.

2019 பிப்ரவரியில் எனக்குக் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் தெரிந்தது. மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை. எடை 41 கிலோ. ஆறு மாதச் சிகிச்சை என்றார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் கலந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் கலந்தது. என் எடைக்குத் தினமும் மூன்று மாத்திரைகள். முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதும் இரத்தம் என்று நினைத்து நடுங்கிவிட்டேன். அது மருந்தின் நிறம்தான் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்ன பிறகே மூச்சு வந்தது. சத்துணவுக்கு அரசு அப்போது தந்த மாதம் 500 ரூபாயில் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கினேன்.

வீட்டில் எனக்கென்று ஒரு தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். காசநோய் காற்றில்தான் பரவும், தம்ளரால் பரவாது என்று நர்ஸ் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அடுப்படி ஜன்னலோரம், சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அது கவிழ்ந்து கிடக்கும். இருமலைவிட அதுதான் என்னை அதிகம் அரித்தது.

மூன்றாம் மாதம் காய்ச்சல் நின்றது, பசி எடுத்தது. அப்போதுதான் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "கர்த்தர் உன்னைத் தொட்டுவிட்டார். விசுவாசம் இருக்கிறவளுக்கு மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மாத்திரை அட்டைகளை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். 19 நாள். இருபதாம் நாள் காலையில் இருமல் திரும்பி வந்தது.

அந்த இருமலைவிடக் கொடியது மனதில் ஓடிய எண்ணம். என் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் நோய் திரும்பியது என்று என்னை நானே குற்றப்படுத்திக்கொண்டேன். ஜெபிக்கவும் வாய் வரவில்லை.

எங்கள் சபைப் போதகரான ஐயர் விசாரிக்க வந்தார். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா அம்மா?" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. வேதத்தைத் திறந்து இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின் 20-ஆம் அதிகாரத்தை வாசித்தார். யூதாவின் ராஜா எசேக்கியா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடக்கிறான். சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறான். கண்ணீரைக் கண்டேன், இன்னும் பதினைந்து வருடம் தருகிறேன் என்று கர்த்தர் சொல்கிறார். எனக்கு இந்தப் பகுதி சிறுவயதிலிருந்தே தெரியும். ஏழாம் வசனத்தைத்தான் நான் கவனித்ததே இல்லை. அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்கிறான் தீர்க்கதரிசி ஏசாயா. அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டபோது எசேக்கியா பிழைத்தான்.

"வாக்கு கொடுத்தவரே பற்றுப்போடவும் சொன்னார் அம்மா. எசேக்கியா அதைத் தள்ளியிருந்தால் அதற்கு விசுவாசம் என்று பெயரா?" என்று கேட்டார் ஐயர்.

அரிசிக்குள்ளிருந்து அட்டையை எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையிலேயே மூன்றையும் விழுங்கச் சொல்லி, அதற்காக நன்றி சொல்லி ஜெபித்தார். பிறகு காபி கேட்டார். வீட்டார் நல்ல தம்ளரைத் தேடிக்கொண்டிருந்தபோது, எழுந்து போய் ஜன்னலோரத்துத் தம்ளரைத் தாமே கழுவி எடுத்து வந்து நீட்டினார். அதில் கடைசி வாய் வரை குடித்தார். என்னைக் கர்த்தர் தொட்டது அந்த நிமிடத்தில்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

மருத்துவர் மறுபடி பரிசோதித்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார். செப்டம்பரில் முடித்தேன். கடைசிப் பரிசோதனையில் சளியில் கிருமி இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து

நான் கத்தோலிக்கப் பெண். எனக்குக் கிடைத்தது வேறு விதமான சுகம். சகோதரியின் பகிர்வைப் படித்ததால் எழுதத் துணிகிறேன். என் கணவருக்கு இரத்தப் புற்றுநோய். குணமானால் வேளாங்கண்ணியில் முடி இறக்குவதாக நேர்ந்திருந்தார். சிகிச்சையில் முடி முழுவதும் கொட்டிவிட்டது. தலையணையில் உதிர்ந்ததைத் தினமும் பொறுக்கி ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போனபோது, "இதுதான் மாதாவே என்னிடம் இருக்கிறது" என்று சொல்லி அதைக் காணிக்கை வைத்தார். பக்கத்தில் மணற்பாதையில் ஜனங்கள் முழங்காலில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் இறந்துவிட்டார்.

இரண்டு வருடம் நான் கோவிலுக்குப் போகவில்லை. ஆரோக்கிய மாதா என்று பெயர் வைத்துக்கொண்டு எனக்கு என்ன செய்தாய் என்று படத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். ஒரு நாள் அவருடைய சட்டைகளை மடித்து வைக்கும்போது ஒன்று உறைத்தது. கைக்குட்டையை வைத்துவிட்டுத் திரும்பிய அன்று இரவுதான், நோய் வந்த பிறகு முதல்முறையாக அவர் விழிக்காமல் விடியும்வரை தூங்கினார். அதன் பிறகும் இறக்கும்வரை அவருக்குப் பயம் வரவில்லை. பயந்துகொண்டே இருந்தவள் நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். கோபம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் செபமாலை சொல்ல முடிகிறது.

வேலூரில் பயிற்சி பெற்ற செவிலியர்

நாங்கள் படித்தபோது டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களைப் பற்றிச் சொல்வார்கள். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். கால்கள் திரும்பவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கே வழி திறந்தார். அவருக்காக ஜெபித்தவர்களின் ஜெபம் கேட்கப்படவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திருநெல்வேலிச் சகோதரிக்கு ஒரு கேள்வி. மாத்திரையை நிறுத்தச் சொன்னவரை மன்னித்துவிட்டீர்களா? நோயாளிகளை நடுவில் கைவிடச் செய்கிறவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

திருநெல்வேலிச் சகோதரி

அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது அக்கா. இப்போது எதிரே வந்தால் ஸ்தோத்திரம் சொல்கிறேன். அவர் கூட்டத்துக்குப் போகிற இரண்டு பேரிடம், மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்று வீடு தேடிப் போய்ச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தத் தம்ளர் வீட்டுத் தம்ளர்களோடு கலந்துவிட்டது. எது என்று இப்போது எனக்கே அடையாளம் தெரியாது.