கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் சேரப்போறவங்க கவனத்துக்கு: உள்ளே இருக்கிறவங்க பகிர்வது

மூன்றாம் ஆண்டு, சி.இ.ஜி. (கிண்டி பொறியியல் கல்லூரி)

டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சலிங்கில் சாய்ஸ் போடும்போது கல்லூரிப் பேரை விட கோடு நம்பரைப் பாருங்க. 1 சி.இ.ஜி., 2 ஏ.சி.டி. (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), 4 எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி). முதல் ரெண்டும் கிண்டி சர்தார் படேல் சாலை கேம்பஸ். எம்.ஐ.டி. குரோம்பேட்டையில், ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே இருக்கு. இந்த மூணில் ஏரோநாட்டிக்கல் வேணும்னா அங்கதான் போகணும்.

பிராஞ்ச் பேருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ்.னு இருந்தா அது சுயநிதிப் பிரிவு, ஃபீஸ் கூட வரும். சிவில், மெக்கானிக்கல் ரெண்டுக்கும் 2010-லிருந்து தமிழ் மீடியமும் தனியா இருக்கு. அவசரத்தில் இதையெல்லாம் கவனிக்காம கன்ஃபர்ம் பண்ணிட்டு அப்புறம் தவிக்கிறவங்க வருஷா வருஷம் உண்டு. கிடைச்ச சீட்டை ஏத்துக்கிட்டு, லிஸ்டில் அதுக்கு மேலே இருக்கிறதுக்கும் காத்திருக்கேன்னு 'அப்வர்ட்' கொடுத்தா, மேலே போட்ட சாய்ஸ் கிடைச்ச உடனே கையில் இருந்த சீட் போயிடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால நிஜமா போய்ப் படிக்கத் தயாரா இருக்கிற சாய்ஸை மட்டும் மேலே வைங்க.

இறுதி ஆண்டு, மின்னியல்

அட்டென்டன்ஸ் 75 சதவீதம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா யாரும் பீரியட் கணக்காப் பார்க்கிறதில்லை. சாதாரண தியரி பேப்பருக்கு சிலபஸில் 45 பீரியட் போட்டிருப்பாங்க. அதில் 11 பீரியட் வரைக்கும்தான் தாங்கும். வாரத்துக்கு மூணு பீரியட் வர்ற பேப்பர்னா, தீபாவளிக்கு முன்னாடி ஒரு வாரம், பின்னாடி ஒரு வாரம் ஊரில் இருந்தாலே ஆறு போச்சு. நடுவுல ஒரு காய்ச்சல் வந்தா கதை முடிஞ்சது.

லேப் இதை விட மோசம். 60 பீரியட் லேப்பை நாலு நாலு பீரியடா நடத்துவாங்க. மூணு தடவை போகலைன்னா 80 சதவீதம், நாலாவது தடவையும் போகலைன்னா 73-க்கு இறங்கிடும். "ஒரு நாள் லேப்தானே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மெடிக்கல் சர்டிஃபிகேட் வெச்சு 65 வரைக்கும் மன்னிப்பு கேட்க வழி இருக்கு. அதுக்குக் கீழே போனா திரும்ப அந்தப் பேப்பரையே படிக்கணும். சிம்போசியம், ஸ்போர்ட்ஸ்னு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராததை வந்ததா எடுத்துக்கிற அனுமதி) வாங்கிறதா இருந்தா கையெழுத்தை முன்னாடியே வாங்கி வைங்க. போயிட்டு வந்து கேட்டா அலைய விடுவாங்க. உங்க ரெகுலேஷன் (உங்க பேட்ச்சுக்கான பாட, தேர்வு விதிகள்) எந்த வருஷத்துதுன்னு பார்த்து அந்த பி.டி.எஃப்.பை முழுசாப் படிச்சிருங்க. சீனியர் சொல்றது அவர் பேட்ச்சோட விதி, உங்களுக்கு அது மாறியிருக்கலாம்.

அலுவலக நடைமுறை தெரிந்தவர்

சேர்க்கையன்று மாற்றுச் சான்றிதழ் அசல் கல்லூரிக்குப் போய்விடும். அதற்கு முன்பே டி.சி., பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஐந்தாறு நகல்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்விக்கடன், ஸ்காலர்ஷிப், ரயில் சீசன் டிக்கெட் சலுகை எதற்குப் போனாலும் போனஃபைடு (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் சான்றிதழ்) கேட்பார்கள். எதற்காக என்பதைச் சான்றிதழிலேயே குறிப்பிடுவதால், ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றுக்குக் காட்ட முடியாது.

அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டு. இந்தப் பணம் வரவில்லை என்று பலர் வருவார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கல்லூரி சேர்ந்த பிறகு புதுக் கணக்கு தொடங்கும்போது ஆதாரை அதில் இணைத்திருப்பார்கள், பணம் அங்கே போயிருக்கும். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் எந்த வங்கி என்று உடனே தெரிந்துவிடும். பெற்றோர் பதறிக்கொண்டு ஊரிலிருந்து பஸ் ஏறி வர வேண்டிய வேலையே இல்லை.

ஹாஸ்டல்வாசி

சென்னைக்குள்ளேயே வீடு இருந்தா ஹாஸ்டல் சுலபத்தில் கிடைக்காது. கிடைக்கிறவங்க மெஸ் பில் எப்படி வருதுன்னு புரிஞ்சுக்கோங்க. டிவைடிங் சிஸ்டம்னா அந்த மாசச் செலவை எல்லாரும் சாப்பிட்ட நாள் கணக்கால வகுக்கிறது. சமையல்காரர் சம்பளமும் கேஸும் குறையாது, அதனால நிறைய பேர் ஊருக்குப் போற மாசத்தில் ஒரு நாள் ரேட் ஏறும். லீவுக்குக் கழிவு வேணும்னா முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும், ஒரு நாள் ரெண்டு நாளுக்கெல்லாம் கழிக்க மாட்டாங்க.

ராகிங் நடந்தா தயங்காம 1800-180-5522 அடிங்க. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கு. பொறுத்துப் போகணும்னு எந்த அவசியமும் இல்லை.

எம்.ஐ.டி., நான்காம் ஆண்டு

மழை பத்தி யாருமே சொல்லலையே. ஒற்றைப்படை செமஸ்டர் பரீட்சை நவம்பர், டிசம்பரில் வரும், வடகிழக்குப் பருவமழையும் அப்போதான். லீவு விடுறது கலெக்டர். கிண்டி சென்னை மாவட்டம், குரோம்பேட்டை செங்கல்பட்டு மாவட்டம். அங்க லீவு, இங்க வகுப்புன்னு நடக்கும். பரீட்சை தள்ளிப்போறது பல்கலைக்கழகம் தனியா அறிவிக்கிற விஷயம். வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பிப் போகாம இருந்துடாதீங்க, வெப்சைட்டைப் பாருங்க.

கிண்டி கேம்பஸுக்கு முதல் தடவை வர்றவங்க பேரைப் பார்த்துட்டு கிண்டி ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம்னு நினைக்கிறாங்க. பெட்டியோட அது பெரிய தூரம், ஆளுநர் மாளிகையைத் தாண்டி வரணும். அடையாறு பக்கம் போற பஸ் ஏறிடுங்க. பறக்கும் ரயில்னா கோட்டூர்புரம் அல்லது கஸ்தூரிபாய் நகர். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கு. பரீட்சை நேரத்தில் காலையிலேயே போனாதான் இடம்.

இறுதி ஆண்டு, மின்னியல் (மறுபடியும்)

ஒண்ணு விட்டுப்போச்சு. பிளேஸ்மென்ட்டில் 'ஸ்டாண்டிங் அரியர்' (இன்னும் பாஸ் பண்ணாத பேப்பர்) வேற, 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' (எப்போவாவது ஃபெயில் ஆன பேப்பர்) வேற. முதல் செமஸ்டர் மேத்ஸில் போன அரியரை அடுத்த செமஸ்டரிலேயே கிளியர் பண்ணாலும் ஹிஸ்டரியில் இருக்கும், சில கம்பெனிகள் அதையும் கேட்கும். தமிழ் மீடியத்திலிருந்து வர்றவங்களுக்குக் கணக்கு தெரியும், கேள்வி கேட்கிற இங்கிலீஷ்தான் தடுமாற வைக்கும். பழைய கேள்வித்தாளை முதல் மாசத்திலேயே எடுத்து, அதில் வர்ற வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி வெச்சுக்கோங்க. புரியலைன்னா சாரிடம் தமிழிலேயே கேளுங்க.