மோரிஸ் மைனர் 1098: நின்றால் சூடில்லை, வேகம் பிடித்தால் முள் ஏறுகிறது. உதவி தேவை

பச்சை மைனர்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி இன்ஜின். டெம்பரேச்சர் மீட்டர் பின்னால் பொருத்தியது. சிக்னலில் நின்றாலும், நெரிசலில் ஊர்ந்தாலும் முள் 85-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் காலியான சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டினால் மெல்ல மெல்ல ஏறி 105 வரை போகிறது. வேகத்தைக் குறைத்தால் தானே இறங்கிவிடுகிறது.

தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) புதியது, 82 டிகிரி. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ரேடியேட்டரில் மட்டம் கொஞ்சம் குறைகிறது. திரும்பவும் கழுத்து வரை நிரப்புகிறேன். வாட்டர் பம்பை மாற்று என்கிறார் ஒருவர், ரேடியேட்டரை மாற்று என்கிறார் இன்னொருவர். தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போடு என்றும் சொல்கிறார்கள். பாகம் வாங்குவதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பேனர்காரன்:
தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள். இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், அதுவரை பெட்ரோல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். சந்தேகமாக இருந்தால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். 82 பக்கம் திறக்கத் தொடங்கி, கொதி வருவதற்குள் முழுதாகத் திறந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட்தான்.

எஸ்யூ ரசிகர்:
சூடேறுகிறது என்பதைவிட எப்போது ஏறுகிறது என்பதுதான் இங்கே முக்கியம். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றோட்டத்தில் கோளாறு: ஃபேன், பெல்ட், அடைத்துப்போன ரேடியேட்டர் முகம். உங்களுக்கு நேர் எதிர். 80-இல் போகும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. அதனால் ஒன்று தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை, இல்லையென்றால் இன்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது.

முதலில் மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அளக்கலாம். பளபளப்பான உலோகத்தில் அது தப்பாகக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடியுங்கள்.

மட்டம் குறைவதைப் பார்த்து இப்போதே பயப்பட வேண்டாம். இந்த வண்டியில் எக்ஸ்பான்ஷன் டேங்க் (விரியும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தொட்டி) கிடையாது. கழுத்து வரை நிரப்பினால் சூட்டில் விரியும் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியேறத்தான் செய்யும். கழுத்துக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழே நிறுத்தி, திரும்ப ஊற்றாமல் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே நின்றுவிட்டால் கசிவு இல்லை. ரேடியேட்டர் மூடி 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு)-தானா, அதன் ஆழம் கழுத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஆழம் பொருந்தாத மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அதிக அழுத்த மூடி போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொதிநிலை உயரும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும், பழைய ரேடியேட்டர் பற்றவைப்புகள்தான் பாடுபடும்.

அடுத்தது ரேடியேட்டர். நன்றாகச் சூடானதும் இன்ஜினை நிறுத்திவிட்டு கோர் (ரேடியேட்டரின் குழாய்கள் உள்ள நடுப்பகுதி) முழுவதையும் தெர்மாமீட்டரால் அளந்து வாருங்கள். மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைவது இயல்பு. நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

அப்புறம் கீழ் ஹோஸ். அது பம்பின் உறிஞ்சும் பக்கம். ஆக்சிலரேட்டரை ஏற்றிப் பிடிக்கும்போது சப்பையாகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாத ஓட்டத்தில்) ஒழுங்காக இருக்கும் தளர்ந்த ஹோஸ் வேகத்தில் தண்ணீரை மறித்துவிடும். ஃபேன் பக்கம் கை, துணி எதுவும் போகக் கூடாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் போன நொடியில் தண்ணீர் பொங்கி முகத்தில் அடிக்கும்.

பச்சை மைனர்:
மிக்க நன்றி. எல்லாம் பார்த்துவிட்டேன். மீட்டருக்கும் தெர்மாமீட்டருக்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். கோரில் குளிர்ந்த இடம் எதுவும் இல்லை. ஹோஸ் விறைப்பாகவே நிற்கிறது. மூடி சரியானதுதான். மட்டமும் கழுத்துக்குக் கீழே நின்றுவிட்டது, பெரிய நிம்மதி. ஆனால் 80-இல் சூடு இன்னும் ஏறுகிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டாக இருக்குமோ?

ஸ்பேனர்காரன்:
மட்டம் நின்றுவிட்டதால் கேஸ்கெட் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. உறுதிப்படுத்த வேண்டுமானால் காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா, கழுத்தில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நீலத் திரவம் போட்ட பிளாக் டெஸ்டரில் நிறம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம்.

எஸ்யூ ரசிகர்:
ஒரு கேள்வி. சமீபத்தில் பெட்ரோல் அதிகம் குடிக்கிறதா? குடித்தால் டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கை அனுப்பும் பாகம்) பாருங்கள்.

சீரான வேகத்தில் போகும்போது திராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) கொஞ்சம்தான் திறந்திருக்கும். சிலிண்டருக்குள் அடர்த்தி குறைவு, அதனால் நெருப்பு மெதுவாகப் பரவும். ஸ்பார்க் முன்கூட்டியே வர வேண்டும். அதற்குத்தான் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள வேக்குவம் அட்வான்ஸ் யூனிட், இன்ஜினின் உறிஞ்சலை வைத்து ஸ்பார்க்கை முன்னே தள்ளுவது. அதன் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்தால் ஸ்பார்க் தாமதமாகும். எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வழியைச் சுற்றியுள்ள தண்ணீரில் இறங்கும். உங்கள் கார்புரேட்டரில் வேக்குவம் துளை, ஐடிலில் வேலை செய்யாத இடத்தில் இருக்கிறது. அதனால் டயஃப்ரம் கிழிந்தாலும் ஐடில் கெடாது. டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) சரியாக இருப்பது போலவே தெரியும்.

சோதனை எளிது. வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். மூடியைக் கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் பிளேட் (ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் தகடு) நகர்ந்து, அப்படியே நிற்க வேண்டும்.

பச்சை மைனர்:
ஐயா, காற்று தாராளமாக வருகிறது, பிளேட் அசையவே இல்லை! பெட்ரோல் செலவும் கூடித்தான் இருந்தது, கார்புரேட்டர் என்று நினைத்திருந்தேன். எந்த யூனிட் வாங்குவது?

எஸ்யூ ரசிகர்:
பழைய யூனிட்டின் மேல் மூன்று எண்கள் குத்தியிருக்கும். முதலாவது, எத்தனை அங்குல பாதரச வேக்குவத்தில் இழுக்கத் தொடங்கும் என்பது. இரண்டாவது, எத்தனையில் முழுதாக இழுக்கும் என்பது. மூன்றாவது, எத்தனை டிகிரி என்பது. அந்த டிகிரி டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு, கிராங்கில் (இன்ஜினின் முக்கியத் தண்டில்) இரண்டு மடங்கு. அதே எண்கள் உள்ளதையே போடுங்கள். போட்டதும் டைமிங்கைத் திரும்ப வைக்க வேண்டும்.

பச்சை மைனர்:
போட்டாயிற்று. அதே சாலை, அதே வேகம், முள் 88. ரொம்ப நன்றி! ஆனால் நீண்ட மேட்டில் மட்டும் 97 வரை போகிறது.

டிரெய்ன் டேப்:
மேட்டில் திராட்டில் அகலமாகத் திறந்திருக்கும், அங்கே வேக்குவத்துக்கு வேலை இல்லை. இன்ஜின் ஆறியதும் பிளாக்கின் பின்பக்க டிரெய்ன் டேப்பைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் துருச்சேறு அடைத்திருக்கிறது, பெரும்பாலும் நாலாவது சிலிண்டரைச் சுற்றி. டேப்பையே கழற்றிவிட்டு கம்பியால் கிளறி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் வைத்து அலசுங்கள்.

பச்சை மைனர்:
டேப்பைத் திறந்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி விட்டதும் காப்பிக்கொட்டை நிறத்தில் சேறு சேறாக வந்தது. அலசிக்கொண்டே இருக்கிறேன். திரும்ப நிரப்பும்போது எதையாவது கவனிக்க வேண்டுமா?

டிரெய்ன் டேப்:
ஹெட்டின் பின்புறம் இருக்கும் ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளேயே தங்கிவிடும். ஒரு தடவை சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, அப்புறம் மட்டத்தைப் பாருங்கள்.