பிரிபடாத முதுசக் காணி: வழக்கா, பேச்சா?

நிலாவெளியான்:
அம்மம்மாவின் காணி ஒன்றரை ஏக்கர். உறுதி (காணிப் பத்திரம்) ஒன்றுதான், இன்னும் பிரிக்கவில்லை. இன்று பங்குகாரர் பதினொரு பேர், அதில் ஐந்து பேர் கனடாவிலும் லண்டனிலும். கடலுக்குக் கிட்ட என்பதால் ஹோட்டல் கட்ட ஒருவர் பங்கு கேட்டுத் திரிகிறார். இரண்டு பேர் விற்க ஆயத்தம். பங்காளியைக் கேட்டுத்தான் விற்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்ற தமிழர் வழமைச் சட்டம் இருக்கிறது. பங்காளிக்கே முதல் உரிமை என்று 1947 இல் தனிச்சட்டமும் வந்தது. எங்கள் திருகோணமலையில் அது மரியாதை மட்டும்தான், பிரிபடாத பங்கை யாருக்கும் எழுதிக் கொடுக்கலாம். ஆகவே பிரிவினை வழக்குப் போட்டு ஆளுக்கொரு உறுதி எடுப்பதே சரி.

சம்பூர் அக்கா:
அவசரப்படாதீர்கள் தம்பி. பதினொரு பேருக்கும் அறிவித்தல் போய், அளந்து முடிய எத்தனை வருடம்? பிரிக்க முடியாத அளவு சிறியது என்று கண்டால் நீதிமன்றமே விற்கச் சொல்லும். ஹோட்டல்காரர் அந்த ஏலத்துக்கும் வருவார். 2006 இல் போரால் நாங்கள் சம்பூரை விட்டு ஓடினோம். ஒன்பது வருடம் கழித்து வந்தபோது வேலியும் இல்லை, எல்லைப் பூவரசும் இல்லை. பற்றையை வெட்டிக்கொண்டு போனதில் கிணற்றுக்கட்டின் உடைந்த விளிம்பு கத்தியில் தட்டியது. அதிலிருந்து அடி அளந்துதான் எல்லை பிடித்தோம். பக்கத்துக் காணிக்காரரும் நாங்களும் ஒரே குடும்பமாக நின்றதால்தான் அது நடந்தது. வழக்கில் எதிரிகளாக நின்றிருந்தால் யார் எனக்கு எல்லை காட்டியிருப்பார்?

கிண்ணியா வாசி:
அக்கா, எங்கள் வீட்டில் "எங்களுக்குள்ளே பேசுவோம்" என்றதுதான் வினையானது. உம்மா தன் வீட்டை இளைய தங்கச்சிக்குச் சீதனம் என்று வாயால் சொன்னார், எழுதவில்லை. உம்மா மௌத்தான பிறகு முஸ்லிம்களுக்கான 1931 ஆம் ஆண்டு வாரிசுச் சட்டப்படி பங்கு பிரித்தால், ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. இங்குள்ள தமிழரான உங்கள் ஆட்களுக்கு 1876 ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம், பிள்ளைகளுக்குச் சம பங்கு. எதிலும் "தாய்வீடு மகளுக்கு" என்ற வழமை இல்லை. தங்கச்சி பிறந்த வீட்டிலேயே பங்குகாரியாக நிற்கிறாள். இதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

சம்பூர் அக்கா:
அதனால்தான் எழுதுங்கள் என்கிறேன். நொத்தாரிசிடம் எல்லாரும் ஒத்துப் பிரித்து ஓர் உறுதி. வெளிநாட்டுக்காரர் தங்களுக்காகக் கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவம் அனுப்பட்டும். கிணற்றுக்கும் கடலுக்கும் பொதுப்பாதையைக் குறிக்க மறக்காதீர்கள்.

நிலாவெளியான்:
அதற்குப் பதினொரு கையெழுத்தும் வேண்டுமே அக்கா. ஒருவர் மறுத்தாலும் அந்த உறுதி எழுத முடியாது. வழக்கில் எனக்குத் தேவையானது வேறு. அது காணிப் பதிவகத்தில் பதிவானதும், முடியும் வரை யாரும் பிரிபடாத பங்கை விற்க முடியாது. அந்த ஹோட்டல்காரரும் ஒதுங்குவார்.

சம்பூர் அக்கா:
சரி, அந்த ஒரு காரணத்தை ஏற்கிறேன். ஆனால் அந்த இரண்டு பேரும் ஏன் விற்க நிற்கிறார்கள், கேட்டீர்களா?

நிலாவெளியான்:
ஒருவருக்கு மகளின் படிப்புச் செலவு. மற்றவரைக் கேட்கவில்லை. தைப்பொங்கலுக்குக் கனடாவில் இருந்து பெரியண்ணை வருகிறார். அதுவரை வழக்குப் பேச்சை எடுக்க மாட்டேன். படிப்புக் காசை நாங்கள் ஒன்பது பேரும் சேர்த்துக் கொடுத்து அந்தப் பங்கை வாங்க முடியுமா என்று முதலில் பார்க்கிறேன்.