50,000 பேர் வாழும் ஒரே கட்டடம்: காற்று எப்படிப் போகும்?

குத்தாலத்தான்:
வணக்கம். ஒரு தொடர்கதை எழுதுகிறேன். வேதாரண்யம் பக்கம் கடல் உள்ளே வந்துவிட்ட காலம். 300 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்றில் 50,000 பேர் குடியிருக்கிறார்கள், வயலும் உள்ளேயே. வெளிக்காற்றே வேண்டாம், பயிரே ஆக்சிஜன் தந்துவிடும் என்று எழுதியிருக்கிறேன். இது நிற்குமா? காற்று போகும் டக்ட் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கடைமடை:
தம்பி, பதினெட்டு வருஷம் ஏசி டக்ட் வேலை பார்த்துவிட்டு இப்போது திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம் செய்கிறேன்.

முதலில் அந்த 'வெளிக்காற்றே வேண்டாம்' வரியை எடுத்துவிடுங்கள். அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்தில் 1991இல் எட்டுப் பேரை வைத்து மூடினார்கள். மூன்று ஏக்கருக்கு மேல் இடம், உள்ளே காடே வளர்த்தார்கள். அப்படியும் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 14க்கு இறங்கி, 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. சத்தான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதியைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. உங்கள் ஆட்கள் ஒரு நாளைக்கு 50 டன் கரியமில வாயு விடுவார்கள்.

ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று வையுங்கள். மொத்தம் நொடிக்கு 500 கன மீட்டர். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தால், பத்துக்குப் பத்து மீட்டரில் ஒரு காற்றுக் கிணறு வேண்டும். கெட்ட காற்று வெளியேற இன்னொன்று. நம் கடலோரப் புழுக்கக் காற்றைக் குளிர வைத்தால் அதிலிருந்தே ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் தண்ணீர் சொட்டும். அதை வீணாக்காதீர்கள்.

ஆனால் அளவைவிடப் பங்கீடுதான் பெரிய பாடு. மேட்டூரில் ஜூன் 12 அன்றே திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் மதகைத் தாராளமாகத் திறந்து வைத்தால் வராமலே போகும். டக்டும் அப்படித்தான். ஃபேனுக்குப் பக்கத்துக் கிளையில் காற்று கொட்டும். கடைசி அறையில் காற்று வரும் கிரில்லில் தாளைப் பிடித்தால் அசையாது. பெரிய ஃபேன் போட்டால் முன் அறைகளில் இரைச்சல்தான் கூடும். முன் கிளைகளின் டேம்பரை, அதாவது டக்டுக்குள் இருக்கும் அடைப்புத் தகட்டை, ஒவ்வொன்றாக நெரித்து, காற்று வேகம் காட்டும் அனிமோமீட்டரில் அளந்து, மறுபடி நெரித்து வர வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் ஒரே மாடிக்கு மூன்று ராத்திரி ஆயிற்று. அப்புறம் யாரோ தன் அறைக்கு மட்டும் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள், கடைசி வார்டு மறுபடி புழுங்கியது. உங்கள் கட்டடத்துக்கும் ஒரு லஸ்கர் வேண்டும் தம்பி, மதகுச் சாவி வைத்திருப்பவர். காற்றுக்கும் முறை வைத்து விடும் முறைப்பாசனம் வரும்.

குடந்தை குழாய்க்காரர்:
தண்ணீர்க் குழாயில் பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். மேலே ஒரே தொட்டி வைத்தால் கீழ்மாடியில் 30 கிலோ, குழாய் பிடுங்கிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு மாடிக்கு ஒரு தொட்டி வையுங்கள். நஹானி ட்ராப்பில், அதாவது குளியலறைத் தரை வடிகாலில் நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில், தண்ணீர் வற்றக் கூடாது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் என்ற நுரையீரல் நோய் 300 பேருக்கு மேல் தொற்றியது. வற்றிய ட்ராப் வழியாகக் கழிவுக் குழாய்க் காற்றைக் குளியலறை ஃபேன் உள்ளே இழுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்றார்கள்.

குத்தாலத்தான்:
நன்றி அண்ணே. புயலில் கரண்ட் போய் ஃபேன் எல்லாம் நின்றுவிட்டால்?

கடைமடை:
2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் தெரு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது, அதனால் இதை அவசியம் எழுதுங்கள். ஆளுக்கு 100 கன மீட்டர் இடம் இருந்தால் கரியமில வாயு மணிக்கு 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) ஏறும். ஒரு நாளில் 5,000ஐத் தொடும். ஆனால் மூச்சு முட்டும் முன்னரே வெக்கை ஆளைத் தள்ளிவிடும், ஒவ்வொரு உடம்பும் 100 வாட் சூடு விடுகிறதே. புயல் நேரத்தில் வெளியே குளிர்ந்திருக்கும். காற்றுக் கிணற்றின் உச்சிக் கதவையும் அடிக் கதவையும் திறந்தால், 300 மீட்டர் உயரமே சூடான காற்றை மேலே இழுத்துவிடும். அந்தக் கதவுகளுக்குக் கையால் சுற்றும் சக்கரம் வையுங்கள். மாதம் ஒருமுறை கிரீஸ் போட ஆளும் வேண்டும். எங்கள் ஊர் மதகு துருப்பிடித்து, இப்போது நாலு பேர் சேர்ந்துதான் திருப்புகிறோம்.