அவனைக் கேட்காமலே 'தையல்' என்று எழுதிவிட்டார்கள்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

மலைக்காற்று (ஹட்டன்):
தொழிற்பயிற்சிக்கான நேர்முகம். காது கேளாத பையன், அம்மா கொழுந்து பறிப்பவர். கொழும்பிலிருந்து வந்த சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் சிங்களம் தெரியும், தமிழ் வராது. அதனால் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். ஆலோசகர் பையன் முகத்தையே பார்க்கவில்லை. "இவருக்கு என்ன பிடிக்கும்னு கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரிடமே பேசிக்கொண்டிருந்தார். கை அசைவதற்குள் அம்மா, "தையல்தான் சேர்" என்று முந்திக்கொண்டார். படிவத்தில் அதுவே ஏறிவிட்டது. பையன் மேசையில் கிடந்த என் போனை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் திருகாணி கழற்றுவதுபோல விரலைச் சுழற்றிக் காட்டினான். போன் ரிப்பேர்! ஆலோசகர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

பதுளை_அக்கா:
எங்கள் பயிற்சியில் காட்டியதெல்லாம் அமெரிக்கச் சைகை மொழி வீடியோக்கள். அங்கே எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், பிரிட்டனில் இரண்டு கையாலும். இரண்டு ஊரிலும் ஆங்கிலம்தான், ஆனால் சைகை மொழி வேறு வேறு. இங்கேயோ பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் சைகை மாறும். பயிற்றுநர் அதே ஒரு கை எழுத்தில் ஒரு பிள்ளையின் பெயரைக் காட்டினார். அந்தப் பிள்ளை அவர் கையைப் பிடித்து நிறுத்தி, தன் பெயருக்கு வீட்டில் வைத்திருந்த சைகையைச் செய்து காட்டியது. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தேயிலைத்தம்பி:
மலைக்காற்று அண்ணே, ஆலோசகரை மட்டும் திட்டாதீங்க, ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார்! என் தங்கச்சிக்கும் காது கேளாது, எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேள்வியைப் பிள்ளையைப் பார்த்தே கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஆலோசகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு இரண்டு பேரும் ஒரே பார்வையில் தெரிவார்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது, வெளிச்சம் பின்னால் இருந்தால் முகமும் கையும் இருட்டாகிவிடும். நேர்முகம் நீண்டால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் சோர்வில் பிழை வரும். படிவத்தையும் பாடநெறிப் பட்டியலையும் மொழிபெயர்ப்பாளருக்கு முந்தியே அனுப்புங்கள். 'வெல்டிங்', 'அலுமினியம் பொருத்துதல்' எல்லாம் திடீரென்று வந்தால் அவர் என்ன செய்வார்? அப்புறம், தாய் தகப்பன் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் நல்லது.

மலைக்காற்று:
தம்பி, அந்த அம்மாவை வெளியே அனுப்பினால் அவர் பயந்துவிடுவார். பிள்ளையோடு வீட்டுச் சைகையில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

பதுளை_அக்கா:
இருக்கட்டும், ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லையே. ஆட்கள் நிறைய என்பதும் சாக்கு. நம் நாடு 2016இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 26ஆம் உறுப்புரை, புனர்வாழ்வுப் பணியில் இருப்பவர்களுக்கு ஆரம்பப் பயிற்சியும் தொடர் பயிற்சியும் கொடுக்கச் சொல்கிறது. 9ஆம் உறுப்புரையில் தொழில்முறைச் சைகை மொழிபெயர்ப்பாளர்களும் வருகிறார்கள். அந்த ஆலோசகருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

மலைக்காற்று:
அது எனக்குத் தெரியாது, அக்கா. நுவரெலியா பக்கம் தமிழும் சைகையும் தெரிந்த யாராவது இருந்தால் தனிச்செய்தி போடுங்கள். படிவத்தை மாற்றக் கடிதம் எழுத வேண்டும், பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.