அப்பிள் கிறிஸ்ப்: மேலே போடும் ஓட்ஸ் மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும்?

பரந்தன் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது நல்ல சுகம். பார்க்க வருகிற சொந்தக்காரர், அயல்சனம் ஒருவரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கொரு பை அப்பிள். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு முழுக்க அதுதான். எல்லாம் சிவப்பு அப்பிள். அப்பா பல்லுக் கட்டினவர், கடித்துச் சாப்பிட மாட்டார். அம்மா சாறு அடித்துக் கொடுத்துப் பார்த்தா, இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

கனடாவில் இருக்கிற மச்சாள் தொலைபேசியில் சொன்னா, அப்பிளை வெட்டிப் போட்டு மேலே ஓட்ஸும் பட்டரும் சீனியும் பிசறிப் போட்டு அவன் அடுப்பில் வைத்தால் அப்பிள் பஞ்சாக வெந்துவிடும், மேலே மொறுமொறுவென்று இருக்கும், அப்பாவுக்கு நல்லாய்ப் பிடிக்கும் என்று. என்னிடம் மேசையில் வைக்கிற சின்ன மின்சார அவன் இருக்கிறது. ஆனால் மச்சாள் சொல்கிற பச்சை அப்பிள் இங்கே எப்போதும் கிடைக்காது. கடையில் இருக்கிற ஓட்ஸும் மூன்று நிமிடத்தில் கஞ்சியாகிற பொடி ஓட்ஸ்தான். இதை வைத்துச் செய்யலாமா? அப்பாவுக்குப் பிரஷர் இருக்கிறது, சீனி வருத்தம் இல்லை. செய்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

முள்ளியவளை அக்கா:

தங்கச்சி, அப்பா தேறி வந்தது பெரிய சந்தோசம். நான் வீட்டில் இருந்து கேக் ஓடர் எடுத்துச் செய்கிறவள். அப்பிள் கிறிஸ்ப் ஓடருக்குச் செய்வதில்லை, வீட்டுக்குத்தான். சுடச்சுடச் சாப்பிட வேண்டிய சாமான் அது, பெட்டியில் அடைத்துக் கொடுத்தால் பாழ். அதனால் இதைப் பற்றி ஆசையோடு எழுதுகிறேன், நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பிள். வருத்தம் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற சிவப்பு அப்பிளில் இனிப்பு இருக்கும், புளிப்பு இருக்காது. வேகவைத்தால் அந்த இனிப்பும் சப்பென்று போய்விடும். ஆகவே புளிப்பை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். தோல் சீவி வெட்டின பிறகு 1 கிலோ அப்பிளுக்கு ஒரு பெரிய தேசிக்காய்ச் சாறு விடுங்கள். தேசிக்காயின் பச்சைத் தோலையும் மெல்லிதாகச் சுரண்டிப் போடுங்கள். வெள்ளைப் பகுதி வரக்கூடாது, கசக்கும். தேசிக்காய் விட்டால் வெட்டின அப்பிள் கறுக்கவும் மாட்டாது.

அடுத்து, ஒவ்வொரு அப்பிளாகப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கன நாள் இருந்தவை மாப்பிடித்துப் போயிருக்கும், விரல் பட்ட இடம் இலேசாக அமுங்கும். வெட்டினால் சாறு தெறிக்காது. அவற்றை எறிய வேண்டாம். ஆனால் தடிப்பான துண்டாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் கரைந்து கூழாகும். கல்லுப்போல இருப்பவற்றைச் சுண்டுவிரலின் பாதித் தடிப்புக்கு வெட்டுங்கள். இரண்டையும் கலந்து போட்டால் கொஞ்சம் கரைந்து குழம்பாக நிற்கும், கொஞ்சம் துண்டாக நிற்கும். எனக்கு அப்படித்தான் விருப்பம். அப்பாவுக்கென்றால் தோலைக் கட்டாயம் சீவுங்கள், வெந்த தோல் கட்டின பல்லில் ஒட்டிக்கொண்டு கரைச்சல் கொடுக்கும்.

வெட்டின அப்பிளோடு 3 மேசைக்கரண்டி சீனி, 1 தேக்கரண்டி கறுவாத்தூள், 1 மேசைக்கரண்டி கோதுமை மா சேர்த்துப் பிரட்டுங்கள். மா போடுவது அப்பிள் விடுகிற தண்ணீரைத் தடிப்பாக்க. கறுவா நம் நாட்டுக் கறுவாதான், காலி மாத்தறைப் பக்கம் இருந்து வருகிற மெல்லிய சுருள். வெயிலில் ஒரு மணித்தியாலம் காய வைத்து மிக்சியில் அடித்தால் வருகிற வாசம் பைக்கற் தூளில் வராது.

இனி மேலே போடுகிறது. கிறிஸ்ப் என்று பெயர் வந்ததே இதனால்தான், இதில் கவனம் வையுங்கள்.

ஓட்ஸ் 1 கோப்பை, கோதுமை மா முக்கால் கோப்பை, சிவப்புச் சீனி அரைக் கோப்பை, பட்டர் 100 கிராம். உங்கள் பட்டர் உப்புப் போட்டது என்றால் வேறு உப்பு வேண்டாம், அப்பாவின் பிரஷருக்கும் அதுதான் நல்லது. கோதுமை மா அவிக்காத பச்சை மாவாக இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் புட்டுக்கு அவித்து அரித்து வைத்த மா எப்போதும் இருக்கும், கைக்கு முதலில் அகப்படுவதும் அதுதான். அது பட்டரோடு கட்டிப்படாமல் பொடியாகவே நிற்கும், அதை எடுக்காதீர்கள்.

பொடி ஓட்ஸ் பற்றிக் கேட்டீர்கள். முழுச் செதிளாக நசித்த ஓட்ஸ் கிடைத்தால் அதுதான் முதல் தரம், வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ யாராவது போனால் பெரிய கடைகளில் வாங்கி வரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் பொடி ஓட்ஸையே வெறும் தாச்சியில், மெல்லிய நெருப்பில், வாசம் வரும்வரை வறுத்து நன்றாக ஆறவிடுங்கள். பொடி ஓட்ஸ் சாற்றைக் கெதியாக உறிஞ்சும், அதனால்தான் கஞ்சியாகிறது. வறுத்தால் ஈரம் போய்க் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதோடு மாவையும் அரைக் கோப்பையாகக் குறையுங்கள். பழச்சுவை, வனிலாச் சுவை போட்ட சின்னப் பைக்கற் ஓட்ஸ் இதற்குச் சரிவராது.

பட்டரைக் குளிர்ந்தபடியே சின்னத் துண்டாக வெட்டி, மாவோடும் சீனியோடும் விரல் நுனியால் நசித்துப் பிசறுங்கள். உள்ளங்கை படக்கூடாது, சூட்டில் உருகிவிடும். புட்டுக்குக் கொத்தின மாவைப்போலச் சிறிதும் பெரிதுமாகக் குறுணியாக வந்ததும் ஓட்ஸைப் போட்டு இலேசாகக் கிளறி நிறுத்துங்கள். பெரிய குறுணிகளை உடைக்க வேண்டாம், கடிக்கும்போது மொறுக்கென்று வருவது அவைதான்.

என் வீட்டில் இதற்கு மேல் ஒன்று போடுவோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாங்கின வறுத்த கச்சான். யாழ்ப்பாணம் போகிறவர் வருகிறவர் யாராவது இறங்கி வாங்கி வருவார்கள்தானே. கோதுடைத்து, உள்தோலைக் கசக்கி ஊதிவிட்டு, ஒன்றிரண்டாக இடித்து அரைக் கோப்பை. வெளிநாட்டுச் செய்முறைகளில் வால்நட் போடுகிறார்கள், எனக்குக் கச்சான்தான் மேல். அது ஏற்கெனவே வறுத்தது என்பதால் தொடக்கத்திலேயே போட்டால் கருகிக் கசக்கும், கடைசிப் பத்து நிமிடத்தில் தூவுங்கள். அப்பாவின் பங்குக்கு மட்டும் கச்சானை மாவாக இடித்துப் போடலாம்.

அவனை 180 பாகையில் பதினைந்து நிமிடம் முன்னதாகவே சூடாக்குங்கள். மேசை அவனில் மேல் கம்பி மிகக் கிட்ட இருக்கும், ஆகவே தட்டைக் கீழ்ப்படியில் வையுங்கள். மொத்தம் 40 முதல் 45 நிமிடம். மேலே பொன்னிறமாக வந்தது போதாது. ஓரத்தில் சாறு தடிப்பாகக் கொப்பளிக்கிறதா என்று பாருங்கள். தண்ணீராகக் கொதித்தால் மா இன்னும் வேகவில்லை, விடுங்கள். தடித்துச் சோம்பலாகக் குமிழ்விட்டால் சரி.

இறக்கினதும் மூடாதீர்கள். இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஈ மொய்க்கும் என்று அம்மா ஒரு தட்டை எடுத்துக் கவிழ்ப்பா. ஆவி மேலே போய், தண்ணீராகி, ஓட்ஸிலேயே சொட்டும். பட்டதெல்லாம் வீண். ஈ என்றால் வலைமூடி போடுங்கள். இருபது நிமிடம் ஆறினால் சாறு இறுகி நிற்கும், பிறகு பரிமாறுங்கள்.

ஸ்காபரோ அண்ணா:

நான் புதுக்குடியிருப்பு, இப்போது இருப்பது கனடாவில் ஸ்காபரோ. அக்கா சொன்னது அத்தனையும் சரி, அப்பிள் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

இங்கே செப்டம்பர், ஒக்டோபரில் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போய் நாங்களே அப்பிள் பிடுங்கிக் கொண்டுவருவோம். அந்த வாரமெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் கறுவாவும் அப்பிளும் வேகிற வாசம்தான். ஒன்ராறியோவிலேயே தோன்றின மக்கின்ரோஷ் என்ற இனம் இருக்கிறது. பச்சையாகக் கடிக்க அருமை, அவனில் வைத்தால் கரைந்து குழம்பாகும். உங்கள் மச்சாள் சொல்கிற பச்சை அப்பிள் கிரானி ஸ்மித், அவுஸ்திரேலியாவில் சிட்னிப் பக்கம் 1868இல் தோன்றினது. புளிப்பும் உறுதியும் அதில் கூட, வெந்தும் துண்டாக நிற்கும். கிளிநொச்சிச் சந்தையில் ஒன்றிரண்டு அகப்பட்டாலும் வாங்கிச் சிவப்போடு கலவுங்கள், மூன்றில் ஒரு பங்கு பச்சை இருந்தாலே வித்தியாசம் தெரியும். காலா, ஃபூஜி இரண்டும் இனிப்புத்தான், ஆனால் துண்டு குலையாது. கடும் சிவப்பில், அடிப்பக்கம் ஐந்து முண்டு வைத்து நீளமாக இருக்கிறதே, ரெட் டிலிஷஸ், அதுதான் இதற்குக் கடைசித் தெரிவு. வருத்தம் பார்க்க வருகிறவர்கள் அழகைப் பார்த்து அதைத்தான் வாங்கி வருவார்கள்!

ஓட்ஸ் போட்டால் கிறிஸ்ப், போடாமல் மாவும் பட்டரும் சீனியும் மட்டும் என்றால் கிரம்பிள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கிரம்பிள் இங்கிலாந்துக்காரர் பழக்கம், கிறிஸ்ப் அமெரிக்கா, கனடாப் பக்கம். அமெரிக்காவில் 1924இலேயே அச்சில் வந்துவிட்டது. இங்கே வனிலா ஐஸ்கிறீம் வைத்துச் சாப்பிடுவோம். அப்பாவுக்குக் குளிர் ஆகாது என்றால் தயிர் வைத்துக் கொடுங்கள். நல்ல எருமைத் தயிர் ஐஸ்கிறீமை விடத் திறம் என்பது என் எண்ணம், இங்கே இருந்துகொண்டு அதை நினைத்து ஏங்குகிறேன்.

வவுனியா தம்பி:

அக்கா, அவன் இல்லாதவர்களுக்காக நானும் எழுதுகிறேன். நான் வாடகை அறையில் இருக்கிறேன், ஒரு காஸ் அடுப்பும் தாச்சியும்தான் சொத்து. மேலதையும் கீழதையும் தனித்தனியாகச் செய்வேன். அப்பிளைக் கொஞ்சம் பட்டரில் போட்டு, சீனி, கறுவா, தேசிக்காய்ச் சாறு விட்டு மூடி வேகவைத்துக் கடைசியில் மூடி திறந்து சாற்றை வற்ற விடுவேன். இன்னொரு தாச்சியில் பட்டரை உருக்கி ஓட்ஸையும் கச்சானையும் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்து, சிவந்து வரும்போது சீனியைத் தூவி, அது உருகிப் பிடிக்கத் தொடங்கினதும் ஒரு தட்டில் பரப்பி ஆறவிட்டால் தானாகவே மொறுமொறுப்பாகிவிடும். சாப்பிடும்போதுதான் மேலே போட வேண்டும். மாவே தேவையில்லை. எங்கள் அம்மம்மா பெரிய கிடாரத்தில் மணல் பரப்பிச் சூடாக்கி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் போட்டுக் கேக் செய்வா. அதிலும் வரும், ஆனால் தணலைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பரந்தன் மகள்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, இன்னும் இரண்டு சந்தேகம். இங்கே பின்னேரம் அடிக்கிற வெக்கையில் பட்டர் வெட்டும்போதே உருகுகிறது, குளிர்ந்தபடி எப்படிப் பிசறுவது? மற்றது, அம்மா சிவப்புச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடச் சொல்கிறா. வீட்டில் ஒரு குட்டான் அப்படியே இருக்கிறது. போடலாமா? வெள்ளிக்கிழமை அப்பாவின் சிநேகிதர்மார் வருகிறார்கள், அன்றைக்குச் செய்ய யோசிக்கிறேன்.

முள்ளியவளை அக்கா:

தம்பி சொன்ன முறை அவன் இல்லாத வீட்டுக்கு மிக நல்லது. சாறும் மேலதும் ஒன்றில் ஒன்று ஊறி வருகிற சுவை அதில் கொஞ்சம் குறையும், ஆனால் மொறுமொறுப்பு நிச்சயம். மின்சாரம் நின்றுபோனால் உங்களுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

பட்டருக்கு வழி இருக்கிறது. எங்கள் வெயிலில் அது மெழுகாவது வழமைதான், ஆகவே காலையிலேயே பிசறுங்கள். ஆறு, ஏழு மணிக்கு, அடுப்பு மூட்ட முதல். மாவையும் சீனியையும் கிண்ணத்தோடு முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், பட்டரை மேல்தட்டில், ஐஸ் பிடிக்கிற பகுதியில், கட்டியாக்குங்கள். கட்டிப் பட்டரைத் தேங்காய்த் துருவலுக்கு வைத்திருக்கிற சின்னத் துருவியில் நேரே மாவுக்குள் துருவினால் கை படவே தேவையில்லை. பிசறினதை ஒரு பையில் கட்டி மேல்தட்டில் வைத்துவிட்டால் ஒரு மாதம் கிடக்கும். அவனில் வைக்கிற நேரம் கட்டியாகவே எடுத்து அப்பிளின் மேல் தூவுங்கள், உருக விடாதீர்கள். குளிராகப் போனால்தான் குறுணி குறுணியாகவே நின்று வேகும். உருகிப் போனால் ஒரே தகடாகப் படிந்துவிடும்.

பனங்கட்டி பற்றி அம்மா சொன்னது நல்ல யோசனை, நானும் போடுகிறவள். அதன் வாசத்துக்கும் கறுவாவுக்கும் நல்ல பொருத்தம். ஆனால் முழுவதையும் மாற்றாதீர்கள். பனங்கட்டியில் ஈரம் இருக்கிறது, மேலே அதை மட்டும் போட்டால் சூட்டில் பாகாகி, ஆறினதும் கல்லாக இறுகும், கட்டின பல்லுக்கு அது ஆகாது. மேலே பாதி சீனி, பாதி நன்றாகச் சீவின பனங்கட்டி. அப்பிளோடு சேர்ப்பதற்கு முழுக்கவே பனங்கட்டி போடலாம், சாறு நல்ல மண்ணிறமாக வரும். கிணற்றடியில் மாமரம் இருந்தால் வைகாசி, ஆனியில் செங்காய் மாங்காயை அப்பிளோடு பாதிக்குப் பாதி கலந்தும் செய்து பாருங்கள். தேசிக்காயே தேவைப்படாது.

சிநேகிதர்மார் வருகிற அன்று அப்பிளை வெட்டிக் கன நேரம் வைக்காதீர்கள், சீனி பட்டதும் தண்ணீர் விடத் தொடங்கும். அவர்கள் படலையடிக்கு வருகிற நேரம் அது அவனுக்குள் இருந்தால் போதும், தேத்தண்ணி குடித்துக் கதைத்து முடிய இறக்கலாம். மிஞ்சினதை ஆறவிட்டு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த நாள் அவனிலேயே பத்து நிமிடம் சூடாக்குங்கள். நுண்ணலை அடுப்பில் வைத்தால் ஓட்ஸ் நொந்துவிடும். கச்சானை மட்டும் வியாழக்கிழமையே உடைத்து வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அதற்கு நேரம் இராது.