அம்மா மிரட்டுவது போல் தெரிகிறாள், வெளிச்சத்தை எப்படி மாற்றலாம்?

வணக்கம். ஒரு குறும்படக் காட்சியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மகன் பொய் சொன்னது அம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் எதுவும் கேட்காமல் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். வசனமே கிடையாது, எல்லாவற்றையும் கேமராவும் வெளிச்சமும்தான் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு எடுத்தபோது 24 மி.மீ. அகல லென்ஸை அவள் முகத்துக்குப் பக்கத்தில், கீழிருந்து மேல்நோக்கி வைத்தேன். பக்கவாட்டில் ஒரே விளக்கு, பாதி முகம் இருட்டு. பார்த்தவர்கள் எல்லோரும் "அம்மா மிரட்டுற மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்கு வேண்டியது அவளுடைய தயக்கம், கோபம் இல்லை.

அடுத்து கேமராவைக் கண்மட்டத்துக்கு ஏற்றி, 85 மி.மீ. நீள லென்ஸ் போட்டுத் தள்ளி நின்று எடுக்கப் போகிறேன், அருகில் வைத்த அகல லென்ஸ் மூக்கையும் தாடையையும் பெரிதாக்கியதும் ஒரு காரணம். குழப்பம் வெளிச்சத்தில்தான். விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டினால் நிழலின் விளிம்பு மென்மையாகும், சரி, ஆனால் எதிர்ப்பக்கம் தெர்மாகோல் வைத்து, வெளிச்சத்தைத் திருப்பி நிழலையும் நிரப்பிவிட்டால் அந்த மௌனத்தின் கனமே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு இருட்டை விட்டுவைப்பது?

அப்புறம், மகன் மேல் நீலம் சாய்ந்த 5600 கெல்வின் ஜன்னல் வெளிச்சமும் அம்மா மேல் மஞ்சள் சாய்ந்த 3200 கெல்வின் விளக்கும் விழுந்தால் இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் புரியுமா, இல்லை வெறும் அலங்காரமாகிவிடுமா? இப்படி எடுத்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இருப்பது ஒரே விளக்கு, மறுபடி எடுக்க ஒரு நாள்தான் இருக்கிறது.